அப்பாவுக்குக் கல்யாணம்

என் தங்கை தன் ஆபீஸில் இரண்டு நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில், ‘பேரண்ட்ஸ் மேரேஜ்’ என்று போட்டிருந்தாள். மானேஜர் வடநாட்டுக்காரர். மூன்று தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, குரலைத் தாழ்த்தி, “இத்தனை நாளாக அவர்கள்...?” என்று இழுத்திருக்கிறார். “சேர்ந்துதான் சார் இருக்கிறார்கள். இது இரண்டாவது தடவை” என்றாளாம் இவள். மனிதர் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்று வரை எங்கள் குடும்பத்தைப் பற்றி அவர் என்ன நினைத்துக் கொண்டிருக்கிறாரோ, தெரியாது.

அப்பாவுக்கு 2025 மாசியில் அறுபது முடிந்தது. பிறந்தது குரோதி வருஷம். அதே குரோதி சுற்றிக்கொண்டு மறுபடி வந்துவிட்டது. பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள்; சுற்று முடிந்தால் மனிதன் மறுபடியும் பிறந்தவன், ஆகவே மறுபடியும் மாப்பிள்ளை. ஏன் அறுபது என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வியாழன் ஒரு சுற்று வர சுமார் 12 வருஷம், சனி வர சுமார் 30. இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 60. பி.காம். படித்தது வீண் போகவில்லை என்று பெருமையோடு அம்மாவிடம் சொன்னேன். “சரி, பந்திக்கு எத்தனை பேருன்னு மொதல்ல கணக்குப் போடு” என்றாள்.

இந்த வைபவத்தில் கட்டங்கள் நிறைய. அறுபதில் காலடி வைக்கும்போது உக்ரரத சாந்தி, அறுபது நிறைந்தால் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பது தாண்டினால் சதாபிஷேகம். ஆயிரம் பிறை கண்டவர் என்பார்களே, அதையும் சரிபார்த்தேன். ஆயிரம் பௌர்ணமிக்கு 80 வருஷம் 10 மாசம் ஆகிறது. பாட்டன் பூட்டன் கால்குலேட்டர் இல்லாமலே கிட்டத்தட்ட சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இத்தனை கட்டத்திலும் எண்ணுவது புருஷனின் வயதைத்தான். பெண்டாட்டிக்கு அறுபது ஆனால் யாரும் மேளம் கொட்டுவதில்லை. என் மனைவி இதை ராத்திரி பதினொரு மணிக்குக் கேட்டாள். “எனக்கு அறுபது ஆனா யாருங்க செய்வாங்க?” நான் தூங்கிவிட்டதாக நடித்தேன். உங்களுக்கும் இந்தக் கேள்வி வரும். இப்போதே நடிப்பு பழகிக்கொள்ளுங்கள்.

சிக்கல் அப்பாவிடமிருந்து ஆரம்பித்தது.

அவர் ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். பழைய யூனியன்காரர், பகுத்தறிவு ஆசாமி. 1988-ல் யூனியன் ஹாலில் ஐயர் இல்லாமல், அக்கினி இல்லாமல் நடந்தது அவர் கல்யாணம். தலைவர் ஒருவர் இரண்டு மணி நேரம் பேசி முடிப்பதற்குள் பிரியாணி ஆறிவிட்டதாக எண்ணூர் மாமா இன்றைக்கும் குறைப்படுவார். மாலை மாற்றி, உறுதிமொழி வாசித்து, தாத்தாவின் பிடிவாதத்துக்காகத் தாலியும் கட்டிய கல்யாணம். சட்டப்படி அதில் ஒரு குறையும் கிடையாது. 1967-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது சட்டமன்றத்தில் நிறைவேற்றிய திருத்தம், இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு. உறவும் நட்பும் பார்த்திருக்க, இருவருக்கும் புரிகிற மொழியில் ‘இவளை மனைவியாக, இவரைக் கணவராக ஏற்கிறேன்’ என்று சொன்னாலே போதும். அல்லது மாலை, அல்லது மோதிரம், அல்லது தாலி. ஒன்று இருந்தால் போதும் என்ற இடத்தில் அப்பா மூன்றைச் செய்திருக்கிறார்.

“ஐயர் இல்லாம கட்னவனுக்கு அறுபதுக்கு மட்டும் இன்னாத்துக்குடா ஐயரு?” என்றார்.

“சஷ்டியப்தபூர்த்திப்பா...”

“அந்தப் பேரே எனக்கு வாய்ல நுழையல.”

“சரி, மணிவிழா.”

கொஞ்சம் யோசித்தார். மணிவிழா அவருடைய தலைவர்களும் கொண்டாடிய விழாதான். பெயர் மாறியதும் பாதி எதிர்ப்பு போய்விட்டது. மீதிப் பாதிக்காக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்ப மீட்டிங் போட்டோம். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் எங்கள் வீட்டு மொட்டை மாடி. எண்ணூர் மாமா, அவர் அங்கே அனல்மின் நிலையத்தை 2017-ல் மூடுவதற்கு முன்பே ரிடையரானவர், ஒரு சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு தலைமை வகித்தார்.

என் மனைவி மாயவரத்துப் பக்கம். அவள் ஒரே வார்த்தை சொன்னாள்: “திருக்கடையூர்.”

அதை மறுக்க யாரால் முடியும்? பதினாறு வயதுதான் என்று விதிக்கப்பட்ட மார்க்கண்டேயனுக்காகச் சிவபெருமான் எமனையே காலால் உதைத்த ஊர். ஆயுள் சம்பந்தப்பட்ட விவகாரத்துக்கு அதுதான் ஹெட் ஆபீஸ். அறுபது, எழுபது, எண்பது என்று மாலையும் கழுத்துமாகத் தாத்தா பாட்டிகள் அமிர்தகடேசுவரர் சந்நிதிப் பிராகாரமெங்கும் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் நாலைந்து கல்யாணம். அசந்தால் வேறு யாருடைய அம்மா அப்பா தலையிலாவது கலசத் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிடுவோம்.

யாரோ கொடுத்த நம்பருக்குப் போன் போட்டேன்.

“சொல்லுங்க சார், பதினாறா, அறுபத்துநாலா?”

“அறுபதுங்க.”

“வயசு இல்ல சார், கலசம்!”

எத்தனை கலசமோ அதற்கேற்ற ரேட்டாம். பசு பூஜை, யானை முன்னால் மாலை மாற்றுவது, சாப்பாடு, தங்க ரூம் எல்லாம் சேர்த்து பேக்கேஜ். யானை என்றதும் என் பையன் துள்ளினான். அப்பா அவனைப் பார்த்து, “யான பாக்கணும்னா வண்டலூர் போலாம்டா” என்றார். அதோடு திருக்கடையூர் பேச்சு நின்றது. மனைவி அன்றைக்கு என்னோடு பேசவில்லை. நான் என்ன செய்தேன்?

அப்பாவின் சிநேகிதர் ராயபுரம் மாமா வேறொரு வழி சொன்னார். ஹார்பரில் கூட வேலை பார்த்தவர், கிறிஸ்தவர். ராயபுரம் என்ற பெயரே ராயப்பர், அதாவது பேதுருவின் பெயரால் வந்தது என்பார்கள். மாமாவுக்கு அதில் தனிப் பெருமை. அவருடைய வெள்ளி விழாவுக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். பூசைக்கு நடுவே ஃபாதர் கூப்பிட, மாமாவும் மாமியும் பீடத்துக்கு முன்னால் போய் நின்று கையைப் பிடித்துக்கொண்டு, இருபத்தைந்து வருஷத்துக்கு முன் கொடுத்த வாக்கைப் புதுப்பித்துச் சொன்னார்கள். மோதிரத்தை மறுபடி மந்திரித்துக் கொடுத்தார் ஃபாதர். பத்து நிமிஷம்தான். புதுக் கல்யாணம் இல்லையாதலால் பதிவேட்டில் கையெழுத்தும் இல்லை. “நீயும் அந்த மாதிரி நாலு வார்த்த சொல்லிட்டுப் போயேம்பா. வாய் தேஞ்சா பூடும்?” என்றார் மாமா.

அப்பா பதில் சொல்லவில்லை. எழுந்து போய் மாடிச் சுவரோரம் நின்றுகொண்டார்.

அழைப்பிதழ் தனிக் கதை. ஊரில் அம்மா அப்பா பெயரில்தான் பத்திரிகை அடிப்பது வழக்கம். இங்கே பிள்ளைகள் சேர்ந்து அப்பா அம்மா கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டும். பிரஸ்காரர் பழக்க தோஷத்தில் மேலே ‘இரு வீட்டார் அழைப்பு’ என்று போட்டு புரூஃப் அனுப்பினார். “இரு வீட்டாரும் முப்பத்தேழு வருஷமா ஒரே வீட்லதாங்க இருக்காங்க” என்று அடித்துத் திருத்தினேன். ‘மொய் தவிர்க்கவும்’ என்று ஒரு வரி சேர்க்கலாமா என்றாள் தங்கை. அம்மா உள்ளே போய் பீரோவிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். 1988-லிருந்து யார் வீட்டுக் காதுகுத்துக்கு எவ்வளவு, யார் வீட்டுப் புதுமனைக்கு எவ்வளவு என்று வரிசையாக எழுதியிருந்தது. பார்த்ததும் எனக்கு அக்கவுண்டன்சி வாத்தியார் ஞாபகம் வந்தது. வரவேண்டியதில் பாதி வராக்கடன். அந்த வரி பத்திரிகையில் இடம்பெறவில்லை.

செலவு பிள்ளைகளுடையது. இது எழுதாத சட்டம். மாப்பிள்ளை பட்டுவேட்டியும் கூறைப் புடவையும் பெண்ணின் பிறந்த வீட்டுச் சீர், ஆகவே எண்ணூர் மாமாவின் பொறுப்பு. மாமா உடனே தலைமைப் பதவியை ராஜினாமா செய்துவிட்டு டீ குடிக்க இறங்கிப் போனார். தாலி? பழையதைக் கழற்றக் கூடாது, புதுசைக் கூடச் சேர்த்துக் கோர்த்துக்கொள்வதுதான் பல வீட்டில் பழக்கம் என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

அதுவரை அம்மாவை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“நீ என்னம்மா சொல்றே?”

அம்மா வற்றல் காயப்போட்ட துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். “கலசமும் வேணாம், யானையும் வேணாம். நம்ம ஊரு கோயில்ல மகிழ மரம் இருக்குல்ல. அதும் கீழ வந்து நிக்கட்டும். நின்னு சொல்லட்டும்.”

வடசென்னைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தாம்பரத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

பெரியபுராணக் கதை. சுந்தரர் திருவாரூரில் பரவையாரைக் கல்யாணம் செய்தவர். தல யாத்திரையாக ஒற்றியூருக்கு வந்தார். செங்குன்றம் பக்கம் இருக்கிறதே ஞாயிறு என்ற கிராமம், அந்த ஊர்ப் பெண் சங்கிலியார் இங்கே கன்னிமாடத்தில் இருந்து சாமிக்குப் பூத்தொடுத்துக் கொண்டிருந்தார். பார்த்தார், மனசு போய்விட்டது. தோழராகிய சிவபெருமானிடமே போய்ப் பெண் கேட்டுத் தரச் சொன்னார். சங்கிலியாருக்கோ திருவாரூர் விஷயம் தெரியும். ‘உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்து தரட்டும்’ என்றுவிட்டார். சத்தியம் செய்தால் மாட்டிக்கொள்வோமே என்று சுந்தரர் ஒரு யோசனை பண்ணினார். ‘நான் சந்நிதிக்கு வந்து சத்தியம் செய்யும்போது, நீர் கருவறையில் இல்லாமல் மகிழ மரத்தடியில் போய் இருந்துவிடும்.’ சாமி சரி என்றார். சொன்ன கையோடு சங்கிலியார் கனவில் போய், ‘சந்நிதியில் வேண்டாம், மகிழடியில் சத்தியம் செய்து தரக் கேள்’ என்று போட்டுக் கொடுத்துவிட்டார்!

மறுநாள் காலை சுந்தரர் முகம் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். வேறு வழியில்லை. மரத்தடியிலேயே சத்தியம் செய்தார். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பதினேழாவது பிரிவு: நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கொடுக்கிற வாக்குறுதி மோசடியில் சேரும். மெர்க்கன்டைல் லா பேப்பருக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த கைடிலும் கிடையாது.

கொஞ்ச காலம் கழிந்தது. வசந்தம் வந்தது. திருவாரூர் வசந்த விழா ஞாபகம் வந்தது. கிளம்பினார். திருவொற்றியூர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று. திருவெண்பாக்கத்தில் ஒரு ஊன்றுகோல் கிடைத்தது. (பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது அந்தப் பழைய கோயில் தண்ணீருக்குள் போக, பக்கத்தில் வேறே எழுப்பினார்கள்.) காஞ்சிபுரத்தில் ஒரு கண், திருவாரூரில் இன்னொரு கண். ஊர் போய்ச் சேர்ந்தால் பரவையார் கதவைத் திறக்கவில்லை. அதற்கும் சிவபெருமானே இரண்டு தடவை தூது நடந்தார். நண்பேண்டா என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அவர்தான் ஆதி.

ஒவ்வொரு வருஷமும் மாசிப் பிரம்மோற்சவத்தில் இந்தச் சத்தியம் எங்கள் ஊரில் மறுபடி நடக்கும். மகிழடி சேவை என்று பெயர். சுந்தரரையும் சங்கிலியாரையும் எழுந்தருளச் செய்வார்கள், கூட்டம் நெரியும். இதே ஊர்க் கடற்கரையில்தான் வீடு, வாசல், சொத்து, பெண்டாட்டி எல்லாவற்றையும் துறந்த பட்டினத்தாரின் சமாதியும் இருக்கிறது. கட்டிக்கொள்கிறவருக்கு ஒரு மரம், விட்டுப் போகிறவருக்கு ஒரு சமாதி. திருவொற்றியூரில் இரண்டு வசதியும் உண்டு.

அம்மா ஏன் மகிழ மரம் என்றாள் என்பது அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் யாரும் பேசவில்லை.

1993-ல் அப்பா வளைகுடாவுக்குப் போனார். அங்கேயும் துறைமுகத்தில் கிரேன்தான். “ரெண்டே வருஷம்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஏஜென்ட்டுக்குக் கட்ட அம்மாவின் தாலிச் செயின் அடகுக்குப் போயிற்று. அதை மீட்கும்வரை கழுத்தில் மஞ்சள் கயிறு. ரெண்டு வருஷம் நாலு ஆயிற்று, நாலு ஏழு ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. வீட்டுக்குத் தளம் போட வேண்டும், தங்கைக்கு நகை சேர்க்க வேண்டும். காரணம் எதுவும் பொய்யில்லை. பணம் மாசாமாசம் சரியாக வந்தது. லீவில் வரும்போது பெரிய டேப் ரெக்கார்டர், கோடாலித் தைலம், டாங் பவுடர் எல்லாம் வந்தன. கேசட்டில் பேசி அனுப்புவார். நாங்கள் மூன்று பேரும் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்போம். நடுவில் என் பெயரைச் சொல்லி, “நல்லா படிக்கிறியாடா?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். நான் அந்த இடைவெளியில் “படிக்கிறேம்ப்பா” என்பேன்.

அந்த ஏழு மாசியிலும் அம்மா எங்கள் இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு மகிழடி சேவைக்குப் போனாள். கூட்டத்தில் என்னைத் தூக்கிக் காட்ட ஆள் இல்லாததால் நான் பார்த்ததெல்லாம் முன்னால் நிற்கிறவர்களின் முதுகுதான். அம்மா என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்கும் வயதில் நான் இல்லை. கேட்கும் வயது வந்தபோது கேட்கத் தோன்றவில்லை.

அப்பா 2000-ல் திரும்பி வந்தார். அந்த ஏழு வருஷத்தைப் பற்றி இருவரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. போட்டிருந்தால் தேவலை. அம்மா ஒன்று மட்டும் செய்வாள். அவர் கடைக்குக் கிளம்பினால்கூட, “எப்ப வருவீங்க?” என்று கேட்பாள். “பத்து நிமிஷம்” என்றால் கடிகாரத்தைப் பார்ப்பாள். இருபத்தைந்து வருஷமாக!

மீட்டிங் கலைந்த பிறகு அப்பா என்னிடம் வந்தார். “டேய், உங்கம்மா அத இன்னும் மறக்கலையா?” என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “நீங்க சாமிய நம்ப மாட்டீங்களேப்பா” என்றேன், பேச்சை மாற்ற.

“மரத்துக்கு நான் இன்னாடா விரோதியா?” என்றார்.

ஆக, ஏற்பாடு இப்படி முடிவாயிற்று. நட்சத்திரம் பார்த்த நாளில் காலையில் அம்மா வடிவுடையம்மனுக்கு அர்ச்சனை செய்வாள். அப்பா வெளிப்பிராகாரத்தோடு நின்றுகொள்வார். பிறகு இருவரும் மகிழடிக்கு வருவார்கள். அப்புறம் மண்டபத்தில் மாலை, சாப்பாடு, மொய். ஐயரும் உண்டு, ஆனால் விருந்தாளியாக.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேனே. தை மாசம்தான் அப்பாவுக்கு எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில் வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். இடது கண் இன்னும் பாக்கி. மாப்பிள்ளை பட்டுவேட்டியும் பெரிய கறுப்புக் கண்ணாடியுமாக வந்து இறங்கியதும் எண்ணூர் மாமா, “மச்சான், அந்தக் காலத்து ஹீரோ மாதிரி இருக்கீங்க” என்றார். அம்மா மட்டும் முதல் நாளே சொல்லிவிட்டாள். “எல்லையத் தாண்டினவங்களுக்கு அப்படித்தான் ஆவும். கொஞ்சம் லேட்டா ஆயிருக்கு.”

மரத்தடியில் நாங்கள் பன்னிரண்டு பேர். பையன் உதிர்ந்த மகிழம்பூவைப் பொறுக்கிக் கொண்டிருந்தான். அம்மா கூறைப் புடவையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பா பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். 1988-ல் யூனியன் ஹாலில் வாசித்த உறுதிமொழி. அச்சடித்தது, மடிப்பு கிழிந்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. வளைகுடாவுக்குப் போய் வந்த காகிதம் அது என்று எங்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். அம்மாவுக்கும்.

கறுப்புக் கண்ணாடியில் எழுத்துத் தெரியவில்லை. கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், வெயில் கூசியது. காகிதத்தை மடித்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

“ரெண்டு வருஷம்னு சொல்லிட்டு ஏழு வருஷம் பண்ணது தப்புதான்” என்றார், மரத்தைப் பார்த்து. அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, “இனிமே உன்ன வுட்டுட்டு இந்த ஊரு எல்லையத் தாண்ட மாட்டேன். சத்தியம்” என்றார்.

ராயபுரம் மாமா மூக்கைச் சிந்தினார். என் தங்கை அழுதே விட்டாள். நான் எழுதுகிறவன் அல்லவா, எல்லாவற்றையும் மனசில் குறித்துக்கொண்டு கல் மாதிரி நின்றேன் என்றுதான் சொல்ல ஆசை. நம்ப மாட்டீர்கள்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சத்தியம்லாம் பண்ணிட்டீங்க. செவ்வாக்கெழம எழும்பூர் போவணுமே, எல்லையத் தாண்டித்தான போவணும்?”

அப்பா திருதிருவென்று விழித்தார். அந்த நேரத்துக்கு ஒரு கண்ணால்.

“நானும் வரேன்” என்றாள் அம்மா. “சுந்தரருக்குக் காஞ்சிபுரத்துல ஒண்ணு, திருவாரூர்ல ஒண்ணு. உங்களுக்கு ரெண்டும் எழும்பூர்லயே முடிஞ்சுடும். பஸ்ஸு வேணாம், மெட்ரோல போலாம். நான் இன்னும் அதுல ஏறினதில்ல.”

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத் தேரடி ஸ்டேஷனில் இருவருக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். எஸ்கலேட்டரில் கால் வைக்கப் பயந்து அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மேலே போகப் போகத் திரும்பிப் பார்த்து, “மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடுவோம்” என்று என்னிடம் கத்தினார் அப்பா.

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். பழக்க தோஷம்.